சிபேலியுஸும் ஃபின்னிஷும்: பக்கவாத்தியம் இல்லாத பாட்டுகள்

ஷான் சிபேலியுஸ் எழுதிய பாடல்களின் பட்டியலை மொழிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். ஒரு குரலும் பியானோவும் மட்டுமான தனிப்பாடல்கள் சுமார் நூறு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஸ்வீடிஷ் மொழியில். ஃபின்னிஷில் உள்ளவை கொஞ்சமே கொஞ்சம். ஆனால் பக்கவாத்தியம் எதுவுமில்லாமல், நான்கு குரல்களாகப் பிரிந்து ஒரு கூட்டமே பாடும் கொயர் பாடல்களுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். அங்கே பெயர் வாங்கியவை எல்லாம் ஃபின்னிஷ்.

ஒரே ஆள்தான் இரண்டையும் எழுதியிருக்கிறார், அதுவும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில். தனியாகப் பாட ஒரு மொழி, கூட்டமாகப் பாட இன்னொரு மொழி. ஏன்?

சிபேலியுஸ் என்றால் ஏழு சிம்ஃபொனி, ஒரு வயலின் கான்செர்ட்டோ, ‘ஃபின்லாந்தியா’ என்று பொதுவாக முடித்துக்கொள்வார்கள். கொயர் பாடல்கள் பக்கம் அதிகம் பேர் போவதில்லை. ஃபின்லாந்துக்கு வெளியே அந்த மொழியில் பாட ஆள் குறைவு என்பது ஒரு காரணம். மொழிபெயர்த்துப் பாடினால் பாட்டில் பாதி உயிர் போய்விடுகிறது என்பது இன்னொன்று. அந்த உயிர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு. எனக்கு ஃபின்னிஷ் பேசத் தெரியாது. அகராதியையும் உச்சரிப்பு விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற ஆள். ஆனாலும் இந்த விஷயத்தில், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிடத் தமிழ் தெரிந்தவருக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு. எப்படி என்பது பிறகு வரும்.

முதலில் மொழி விவகாரம். ஃபின்லாந்து சுமார் அறுநூறு ஆண்டுகள் ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. 1809இல் ரஷ்யாவின் கைக்குப் போனது. ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ், ஆனால் தனக்கென்று சட்டமும் நிர்வாகமும் வைத்துக்கொண்ட ஒரு நாடு. ஆட்சி மாறியதே தவிர அலுவலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் ஸ்வீடிஷே நீடித்தது. ஜனங்களில் பெரும்பாலோர் பேசியதோ ஃபின்னிஷ். படித்தவர்கள் கண்ணில் அது குடியானவர் பாஷை. 1863இல் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் ஓர் ஆணை போட்டார்: இருபது ஆண்டுகளுக்குள் அரசு அலுவல்களில் ஃபின்னிஷுக்கு ஸ்வீடிஷோடு சம இடம் தரப்பட வேண்டும் என்று. சிபேலியுஸ் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1865 டிசம்பர் 8ஆம் தேதி, ஹாமென்லின்னா என்ற சிறு நகரத்தில்.

குடும்பம் ஸ்வீடிஷ் பேசும் குடும்பம். ஆனால் அவர் 1876இல் சேர்ந்த பள்ளி, ஃபின்னிஷ் வழியில் பாடம் நடத்திய முதல் உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்று. ஆக வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி. கடைசிவரை அவர் தன் டைரியை ஸ்வீடிஷில்தான் எழுதினார். நன்றாகத் தெரிந்த மொழிதான் ஃபின்னிஷ். ஆனால் தாய்மொழி இல்லை, கற்றுக்கொண்டது. இந்த இடைவெளிதான் பின்னால் அவருக்கு உதவியது என்பது என் எண்ணம். தாய்மொழியின் ஓசையை நாம் யாரும் தனியாகக் கேட்பதில்லை, பொருள் முந்திக்கொண்டு வந்துவிடும். பிறகு கற்ற மொழிதான் காதில் ஓசையாக விழுகிறது.

கொயர்களிலும் இதே பிளவு. ஹெல்சிங்கியில் இசை வாழ்க்கையைக் கட்டியெழுப்பியவர் ஃப்ரெத்ரிக் பாசியுஸ் என்ற ஜெர்மானியர். பல்கலைக்கழக மாணவர்களுக்காக 1838இல் அவர் ஆரம்பித்த ஆண்கள் கொயர் ஸ்வீடிஷ் கொயர். ஃபின்லாந்தின் தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டவரும் அவரே. அந்தக் கீதத்தின் மூலச் சொற்களும் ஸ்வீடிஷ்தான், ரூனெபெரி எழுதியது. ஃபின்னிஷில் பாடுவதற்கென்றே ஒரு மாணவர் கொயர் வந்தது 1883இல். முழுப் பெயர் ‘ய்லியோப்பிலாஸ்குன்னன் லவ்லாயாத்’, அதாவது மாணவர் சங்கப் பாடகர்கள். வாய் சுளுக்கிக்கொள்ளும் என்பதால் எல்லோரும் ஒய்.எல். என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இன்றைக்கும் இயங்கிக்கொண்டிருக்கிற குழு. சிபேலியுஸின் ஃபின்னிஷ் கொயர் பாடல்களில் பாதிக்கதை இவர்களோடுதான்.

இன்னொரு பாதி வீட்டுக்கதை. சிபேலியுஸ் காதலித்த அய்னோ யார்னெஃபெல்ட்டின் குடும்பம் ஃபின்னிஷ் இயக்கத்தில் முன்னணியில் நின்ற குடும்பம். 1890–91இல் வியன்னாவில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் ‘கலேவலா’வைக் கையில் எடுத்து வாசிக்கிறார். எலியாஸ் லோன்ரோத் என்ற மருத்துவர் ஊர் ஊராகப் போய் வாய்மொழிப் பாடல்களைச் சேகரித்துக் கோத்துக் கொடுத்த காவியம் அது. 1835இல் முதல் வடிவம், 1849இல் ஐம்பது காண்டங்களோடு விரிந்த வடிவம். (இதைத் தமிழில் செய்யுளாகவே மொழிபெயர்த்தவர் ஹெல்சிங்கியில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம். 1990களில் வெளிவந்தது. மதுரைத் திட்டத்தின் தொகுப்பில் இருக்கிறது, தேடிப் படியுங்கள்.) காவியத்தில் சேராத சின்னச் சின்ன உணர்ச்சிப் பாடல்களை லோன்ரோத் 1840இல் ‘கந்தெலெதார்’ என்ற தனித் தொகுப்பாகப் போட்டார். சிபேலியுஸ் எடுத்துக்கொண்ட வரிகள் இந்த இரண்டு புத்தகங்களிலிருந்தும், மூன்றாவதாக அலெக்சிஸ் கிவி என்ற எழுத்தாளரிடமிருந்தும் வருகின்றன.

புத்தகத்தோடு நிற்கவில்லை. 1891இல் போர்வோ என்ற ஊருக்குப் போய் லாரின் பரஸ்கெ என்ற மூதாட்டி பாடுவதை நேரில் உட்கார்ந்து கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி. அவர் வாயிலிருந்து எழுதி எடுக்கப்பட்டவை சுமார் 32,000 வரிகள். அடுத்த ஆண்டு அய்னோவைக் கல்யாணம் செய்துகொண்டு தேனிலவுக்குப் போனது கரேலியாவுக்கு. அங்கேயும் பாட்டுச் சேகரிப்பு. அய்னோ அதைப் பற்றி என்ன நினைத்தாரோ!

இனி அந்த மொழியின் ஓசைக்கு வருவோம். மற்றவற்றைவிட இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஃபின்னிஷில் ‘துலி’ என்றால் நெருப்பு. ‘தூலி’ என்றால் காற்று. ‘துல்லி’ என்றால் சுங்கம். தமிழ் எழுத்தில் எழுதியவுடனே வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, இல்லையா? குறில், நெடில், ஒற்று இரட்டித்தல். நமக்கு இது சின்ன வயதிலேயே காதில் ஏறிய விஷயம். பல்லும் பாலும் ஒன்றா? ‘பாடு’வும் ‘பாட்டு’வும் ஒன்றா? ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லப் பயிற்சி வேண்டும். ஃபின்னிஷ் படிக்கிறவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லும் ஒரு ஜோடி உண்டு: ‘தபான்’ என்று இழுத்தால் ‘சந்திக்கிறேன்’, ‘தபன்’ என்று குறுக்கினால் ‘கொல்கிறேன்’. மாத்திரை பிசகினால் ஆளே காலி.

அடுத்த விதி, ஃபின்னிஷில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில்தான் விழும். விதிவிலக்கு இல்லை என்றே சொல்லலாம். இந்த அழுத்தத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் கிடையாது. முதல் அசை குறிலாக இருந்து அழுத்தம் வாங்கும். அடுத்த அசை நெடிலாக நீண்டும் அழுத்தம் இல்லாமல் கிடக்கும். ஜெர்மன் மாதிரி மொழிகளில் அழுத்தமான அசையும் நீளமான அசையும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேரும். அங்கே இசையமைப்பாளருக்கு வேலை சுலபம்: தாளத்தின் பலமான இடத்தில் நீண்ட ஸ்வரத்தை வைத்தால் சொல்லும் சரியாக உட்காரும். ஃபின்னிஷில் அது நடக்காது. பலம் ஓரிடத்தில், நீளம் வேறிடத்தில்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலகம் முழுக்கப் பாடும் அந்தப் பிறந்தநாள் பாட்டைப் பாடிக்கொண்டே கை தட்டிப் பாருங்கள். பலமான தட்டு முதல் சொல்லில் விழாது, இரண்டாவது சொல்லில்தான் விழும். முதல் சொல் ஒரு சின்ன எடுப்பு, ஓடி வந்து தாண்டுவதற்கு முன் வைக்கிற அடி மாதிரி. மேற்கத்திய மெட்டுகளில் இப்படி ஆரம்பிப்பது ரொம்ப சகஜம். ஏனென்றால் ஜெர்மன், ஆங்கில வாக்கியங்கள் அழுத்தமில்லாத சின்னச் சொற்களில் தொடங்குகின்றன, பெயர்ச்சொல்லுக்கு முன்னே ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொற்கள். ஃபின்னிஷில் அந்தக் குட்டிச் சொற்களே இல்லை. வேற்றுமை உருபுகள் தமிழில் போலவே சொல்லின் பின்னால் ஒட்டுகின்றன. ஆக வரி திறக்கும்போதே அழுத்தம். ஓடி வர இடமே கிடையாது, நின்ற இடத்திலிருந்து தாண்ட வேண்டும்.

ஜெர்மன் கொயர் பாணியில் ஊறிய கை ஃபின்னிஷ் வரிகளைத் தொட்டால் என்னவாகும் என்று இப்போது யோசித்துக்கொள்ளலாம். மெட்டு ஒரு பக்கம் இழுக்கும், சொல் ஒரு பக்கம் இழுக்கும்.

கிராமத்துப் பாடகர்கள் இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழி கண்டிருந்தார்கள். கலேவலா பாட்டின் ஒரு வரிக்கு எட்டு அசை. வரிக்குள் சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்குவது வழக்கம், நம் மோனையேதான். ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும். இந்த எட்டு அசைகளையும் பாடும்போது முதல் ஆறை அரைத் தட்டு அரைத் தட்டாக ஓட்டிவிட்டு, கடைசி இரண்டை மட்டும் முழுத் தட்டாக நீட்டுவார்கள். ஆறு அரை மூன்று, அதோடு இரண்டு, மொத்தம் ஐந்து. ஒரு வரிக்கு ஐந்து தட்டு. கண்டச் சாப்பு கேட்டுப் பழகிய காதுக்கு ஐந்து என்பது அதிசயமே இல்லை. ஆனால் அன்றைய ஐரோப்பிய மேடை இசை இரண்டு, மூன்று, நான்கு என்றே எண்ணிக்கொண்டிருந்தது. அங்கே ஐந்து என்பது நொண்டுகிற மாதிரி கேட்கும்.

ஸ்வரங்களும் குறைவு. பழைய மெட்டுகள் பல ஐந்தே ஸ்வரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வருபவை, நம் கணக்கில் கரகரப்ரியாவின் ஸ ரி க ம ப. 1896இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இசை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, சிபேலியுஸ் நாட்டுப்பாடல் கலை இசையை எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு விரிவுரை நிகழ்த்தினார். இந்த மெட்டுகளைப் பற்றியும் அதில் பேசுகிறார். அந்த உரையை அவர் எழுதியது எந்த மொழியில் தெரியுமா? ஸ்வீடிஷில். வேலையும் கிடைக்கவில்லை, முறையீட்டுக்குப் பிறகு அது நடத்துனர் ரோபர்ட் கயானுஸுக்குப் போனது.

இப்போது பாடல்களுக்கு.

1892இல் ‘குல்லெர்வோ’ என்ற பெரிய படைப்பில் ஆண்கள் கொயரையும் ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்து ஐந்து தட்டில் பாடவைத்துப் பார்த்துவிட்டார். ஆனால் அங்கே கொயருக்குப் பின்னால் ஒரு ஆர்கெஸ்ட்ராவே நின்றது. அடுத்த ஆண்டு, 1893இல், ஒய்.எல். பாடிய ‘வெனெமத்கா’வில் (படகுப் பயணம்) பின்னால் யாரும் இல்லை. கலேவலாவின் நாற்பதாவது காண்டத்திலிருந்து ஒரு துண்டு: கிழப் பாடகன் வைனாமோய்னென் படகை ஆற்றில் விடுகிறான், கரையின் முனைகளில் நிற்கும் பெண்கள் தண்ணீரில் இது என்ன கொண்டாட்டம் என்று காது கொடுக்கிறார்கள். சின்னப் பாட்டு. வாத்தியம் இல்லாததால் துடுப்பின் வேகம் முழுக்கச் சொற்களிலிருந்தே வந்தாக வேண்டும். முதல் அசையின் இடியும் மெய்யெழுத்துகளின் படபடப்பும்தான் இங்கே தாள வாத்தியம். பாசியுஸ் பாணியின் இனிமையான கொயர் சத்தத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு இது வேறு ஏதோ ஊர்ச் சங்கதியாகக் கேட்டிருக்கும்.

1894இல் ஒய்.எல். ஒரு பாட்டுப் போட்டி வைத்தது. சிபேலியுஸ் கந்தெலெதாரிலிருந்து வரிகளை எடுத்து ‘ரகஸ்தவா’ (காதலன்) என்ற தொடரைக் கொடுத்தார். காதலியைத் தேடுவது, அவள் நடந்துபோன பாதையை நினைப்பது, கடைசியில் சந்தித்து விடைபெறுவது. ஓரிடத்தில் கொயர் பொருளே இல்லாத ஓர் அசையைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டே வருகிறது. வாத்தியம் செய்கிற வேலையை வாய் செய்கிறது. கடைசிப் பகுதியில் ஒரு தனிக்குரல் கொயரிலிருந்து பிரிந்து எழும்.

முதல் பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. எமில் கெனெட்ஸ் எழுதிய ‘ஹக்கபெலீத்தத்’ வென்றது. பதினேழாம் நூற்றாண்டின் ஃபின்லாந்துக் குதிரைப்படையைப் பற்றிய வீரப் பாட்டு. ரகஸ்தவாவுக்கு இரண்டாம் பரிசு. நடுவர்களைத் திட்ட மனசு வரவில்லை எனக்கு. மாணவர் கொயர் ஒன்றுக்கு மேடையில் நெஞ்சை நிமிர்த்திப் பாட ஒரு பாட்டு வேண்டும். காதலியின் காலடித் தடத்தை மெல்ல முணுமுணுக்கிற பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாடவும் கடினம். அதே ஆண்டில் கம்பி வாத்தியங்கள் துணைக்கு வரும் ஒரு வடிவத்தையும், 1898இல் ஆண் பெண் கலந்த கொயருக்கு ஒரு வடிவத்தையும் எழுதினார். 1911–12இல் சொற்களையே எடுத்துவிட்டு, கம்பி வாத்தியங்களும் கொஞ்சம் தாள வாத்தியமுமாக மாற்றினார். வெளியுலகம் அறிந்த ரகஸ்தவா அந்தக் கடைசி வடிவம்தான். அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூலத்தைக் கேட்டுவிட்டு அதற்கு வந்தால், வயலின்கள் எதையோ வாய்விட்டுச் சொல்லத் தவிப்பது மாதிரி எனக்குத் தோன்றும்.

1895இல் ‘சாரெல்லா பலா’ (தீவில் தீ எரிகிறது). இரண்டு நிமிடம்கூட வராது. ஒரு சிறு துண்டு மெட்டு, கேள்வியும் பதிலுமாக அப்படியே திரும்பித் திரும்பி வந்து முடிந்துவிடும். பரஸ்கெ பாட்டியின் பாட்டில் அவர் கேட்டது இந்தத் திரும்புதலைத்தான் என்று நினைக்கிறேன். வளர்த்தெடுக்காமல், மாற்றாமல், திரும்பச் சொல்லியே மனசில் ஏற்றுவது.

பிறகு ‘சொர்த்துனுத் ஆனி’, 1898. உடைந்த குரல். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கந்தெலெதாரின் ஒரு சின்னப் பாட்டு. முன்பு ஆறு மாதிரி ஓடிய குரல், நீரோட்டம் மாதிரி சலசலத்த குரல், எது இதை உடைத்தது என்று கேட்கிறது. துக்கம்தான் உடைத்தது என்று பதிலும் அதுவே சொல்கிறது. ஐந்து தட்டில் நகரும் மெட்டு. சொற்களின் மோனையும் மாத்திரையும் அந்த ஐந்தில் எங்கேயும் இடிக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. குரல் உடைந்துபோனதைப் பற்றிய பாட்டு, ஆனால் பாடுவதற்கு நாற்பது ஐம்பது பேர் வேண்டும். தனி ஆளாக ஒருவர் பியானோவோடு பாடினால் இது ஒரு சொந்தச் சோகமாக முடிந்திருக்கும்.

அதற்குள் காலமும் மாறியது. 1899 பிப்ரவரியில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலாய் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஃபின்லாந்தின் சட்டசபைக்கு இருந்த அதிகாரத்தின் பெரும்பகுதியைப் பறித்த அறிக்கை. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின, சில மூடப்பட்டன. ஒரு வருஷத்துக்கு முன் எழுதிய உடைந்த குரல், எழுதியவர் நினைத்தாரோ இல்லையோ, கேட்பவர் காதில் வேறு ஒன்றாக ஒலிக்கத் தொடங்கியிருக்கும். நாட்டுப்பாடல் தொகுப்பிலிருந்து எடுத்த பழைய வரியைத் தணிக்கை அதிகாரி என்ன செய்ய முடியும்? நெருப்பு, படகு, நிலா, துக்கம், இவ்வளவுதான் அதில் இருக்கிறது.

நிலா என்றேனே, அது 1901இல் வந்த ‘தெர்வெ கூ’ (வாழ்க நிலவே). ஹெய்க்கி கிளெமெத்தி அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ‘சுவோமென் லவ்லு’ கொயருக்காக எழுதியது. கலேவலாவில் வடநாட்டுச் சூனியக்காரி நிலவையும் சூரியனையும் பாறைக்குள் பூட்டிவைத்துவிடுவாள். அவை விடுதலையாகி வெளியே வந்ததும் வைனாமோய்னென் வாழ்த்துகிறான். அந்த இடம்தான் பாட்டு. அடிக்குரல்காரர்கள் நிலத்துக்குக் கீழே இறங்குவது மாதிரி இறங்குவார்கள். நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், போனில் கேட்டால் பாதி காணாமல் போய்விடும்.

கிவியின் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அலெக்சிஸ் கிவி 1870இல் ‘ஏழு சகோதரர்கள்’ நாவலை ஃபின்னிஷில் எழுதினார். ஃபின்னிஷ் மொழிக்காகவே உழைத்த பேராசிரியர் ஆல்க்விஸ்த்தான் அதைக் கிழி கிழியென்று கிழித்தார். கிவி 1872இன் கடைசி நாளில், வறுமையில், 38 வயதில் செத்துப்போனார். நாவலின் முடிவுக்கருகே ஒரு தாய் குழந்தையைத் தாலாட்டுகிறாள். ஆனால் தாலாட்டு குழந்தையை அனுப்பி வைப்பது சாவின் தோப்புக்கு. உலகத்தின் பகையும் வஞ்சமும் எட்டாத, சாயங்கால வெளிச்சத்தில் கிடக்கிற அமைதியான இடம் அது. சிபேலியுஸ் இதற்கு 1898இல் மெட்டமைத்தார்: ‘ஸுதாமெனி லவ்லு’, என் இதயத்தின் பாட்டு. இங்கே ஐந்து தட்டும் இல்லை, வேகமும் இல்லை. நான்கு குரல்களும் ஒன்றாகவே அடியெடுத்து வைக்கின்றன, யாரும் யாரையும் முந்துவதில்லை. பாட்டின் எடை முழுக்க ஃபின்னிஷ் நெடில்களில். ஒவ்வொரு நெடிலையும் அதற்குரிய அளவுக்கு மேலே ஒரு துளிகூட இழுக்காமல் விட்டிருக்கிறார். இழுத்திருந்தால் அழுகை ஆகியிருக்கும்.

அந்த ஆண்டு நவம்பரில் அவருக்கு மூன்றாவது மகள் பிறந்தாள், கிர்ஸ்தி. 1900 பிப்ரவரியில் காய்ச்சலில் இறந்துபோனாள். பாட்டு முந்தியது, சாவு பிந்தியது. காரணகாரியம் ஒன்றும் கட்ட வேண்டாம். ஃபின்லாந்தில் இன்றும் சாவு வீடுகளில் இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள்.

1904இல் ‘வெல்யெனி வியெராய்ல்லா மாய்ல்லா’, அந்நிய மண்ணில் என் சகோதரர்கள். கவர்னர் ஜெனரல் பொப்ரிகோவ் நாடு கடத்தியவர்களை நினைத்து எழுதியது. பொப்ரிகோவ் அதே ஆண்டு ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தப் பாட்டின் சொற்கள் யுஹானி ஆஹோவுடையவை. இங்கே ஒரு கிளைக்கதை. ஆஹோ ஒரு காலத்தில் அய்னோவைக் காதலித்தவர். அந்தக் காதலை வைத்து 1890இல் ‘யக்சின்’ (தனியே) என்று ஒரு நாவலே எழுதி, அப்போது அய்னோவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சிபேலியுஸைக் கொதிக்க வைத்தவர். பதினாலு வருஷம் கழித்து அதே ஆள் எழுதிய வரிகளுக்கு இவர் மெட்டமைக்கிறார்.

ஆரம்பக் கேள்விக்கு இப்போது ஒரு மாதிரி பதில் சொல்ல முடிகிறது. தனிப்பாடலை வாங்கிப் பாடியவர்கள் பியானோ வைத்திருந்த வீடுகள், அந்த வீடுகளின் மொழி ஸ்வீடிஷ், சிபேலியுஸின் மனசுக்குள்ளே ஓடிய மொழியும் அதுவே. கொயருக்கு எதுவும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். ஃபின்னிஷ் அப்போது மேடை தேடிக்கொண்டிருந்தது. மாணவர்களுக்குப் புதுப் பாட்டு வேண்டியிருந்தது. அவருக்கோ அந்த மொழியை ஓசையாகக் கேட்கிற காது இருந்தது. இதை வெறும் தேசப்பற்று என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. பற்று மட்டும் இருந்தால் குதிரைப்படைப் பாட்டுதான் வந்திருக்கும். துலிக்கும் தூலிக்கும் நடுவே உள்ள ஒரு மாத்திரையைக் கவனிக்கிற காரியம் அது.

வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரில் உலகம் அதிகம் பாடுகிற கொயர் பாட்டு இந்த வகையில் சேராதது. ‘ஃபின்லாந்தியா’ 1899இல் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்டது. அதில் நடுவே வரும் அமைதியான மெட்டைப் பாடுவதற்கென்று அவர் எழுதவில்லை. ஜனங்கள் விடவில்லை, ஆளாளுக்குச் சொல் போட்டார்கள். கடைசியில் நிலைத்தது 1940இல், சோவியத் படையெடுப்பின் குளிர்காலப் போரை ஒட்டி வி. ஏ. கொஸ்கென்னியெமி எழுதிய வரிகள். சிபேலியுஸே கொயருக்கு அமைத்துக் கொடுத்தார். 1926இன் ‘தபியோலா’வுக்குப் பிறகு பெரிதாக எதையும் வெளியிடாத, எட்டாவது சிம்ஃபொனியைத் தீயில் போட்டதாகச் சொல்லப்படும் அந்த மௌன காலத்தில் அவர் கைவைத்த சில வேலைகளில் இதுவும் ஒன்று. மெட்டைக் கவனியுங்கள்: முதல் தட்டு காலி, இரண்டாவது தட்டிலிருந்துதான் எடுப்பு. சொல் திறக்கும்போதே அழுத்தம் கேட்கிற மொழிக்கு இது பொருந்தாத ஆரம்பம். கொஸ்கென்னியெமி அந்த முதல் ஸ்வரத்தில் ‘ஓ’ மாதிரி ஒரு விளிச்சொல்லைப் போட்டு, நாட்டின் பெயரை அடுத்த ஸ்வரத்துக்குத் தள்ளிவிட்டார். சாமர்த்தியம்தான், ஆனால் தையல் தெரிகிறது. ‘சொர்த்துனுத் ஆனி’யில் அப்படி ஒரு தையலைக் கண்டுபிடிக்க முடியாது.

கேட்க விரும்புகிறவர்கள் ஒய்.எல். குழு மத்தி ஹ்யோக்கி தலைமையில் பதிவு செய்தவற்றைத் தேடுங்கள். முதலில் ‘சாரெல்லா பலா’, சின்னது. பிறகு ‘வெனெமத்கா’. ‘சொர்த்துனுத் ஆனி’க்கு வரும்போது விரலால் ஐந்து எண்ணிக்கொண்டே கேளுங்கள், மூன்றாவது வரிக்குள் எண்ணுவதை விட்டுவிடுவீர்கள். ‘ஸுதாமெனி லவ்லு’வை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.